செபஸ்தியார் காலடியில் மிஷின் எண்ணெய்

நேற்று ஷமீர் என் செல்போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலக்காட்டு பேண்ட் வாத்தியக் கடையில் இப்போது வால்வு வேலை அவனுடையது. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு கோயில் பேண்டுக்குச் சர்வீஸ் செய்யப் போன இடத்தில் எடுத்த படம். செபஸ்தியார் சொரூபம், காகிதப் பூமாலை, எரிகிற விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில், கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய தையல் மிஷின் எண்ணெய்ப் பாட்டில் ஒன்று. கீழே எழுதியிருந்தான்: “அக்கா, யாரோ மறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க. எடுத்திரட்டுமா?”

“தொடாதே. எழுதி அனுப்புகிறேன்” என்று பதில் போட்டேன். அந்தப் பாட்டில் அங்கே வந்ததில் எனக்குப் பங்கு உண்டு. நாலு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத முதலாளியும் வந்து உட்கார்ந்துகொண்டார், கடையும் வந்துவிட்டது. ஷமீருக்கு இவ்வளவு நீளம் வாசிக்கப் பொறுமை கிடையாது, எனக்குத் தெரியும். பாதியில் விட்டால் பாட்டிலை எடுத்துவிடுவான் என்பதால், முழுக்க வாசி என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நான் வடகரப்பதிக்காரி. கடையில் சேர்ந்தது பித்தளை துலக்கத்தான். புளியும் சாம்பலுமாகக் கை வெந்து, கல்யாண சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை குழல் துலக்கினேன் என்பதே மறந்துபோகும். அப்புறம் ஒரு நாள் முதலாளி என் விரல்களைப் பார்த்தார். “உன் விரல் ஒல்லி. நாளையிலேர்ந்து வால்வுல உக்காரு” என்றார். என் பயிற்சிக் காலம், பட்டமளிப்பு விழா எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

முதலாளி காதர் ராவுத்தர். அவர் அப்பா மளிகை வைத்திருந்தவர். மகன் பித்தளைக்கு மாறியதில் அவருக்குக் கடைசி வரை வருத்தம். “அரிசி விக்காமக் கெடந்தா நாமளே திங்கலாம். இதை என்ன பண்றது?” என்று கேட்பாராம். முதலாளிக்கு ஒரு வாத்தியமும் ஊத வராது. ஊதினால் இருமல் வந்துவிடும். ஆனாலும் கடைசிச் சோதனை அவருடையதுதான். கருவியை மடியில் சாய்த்து, கண்ணை மூடி, ஒவ்வொரு லிவரையும் சுண்டு விரலால் மட்டும் அழுத்துவார். சுண்டு விரலுக்கு மேல் பலம் கேட்டால் அது லிவர் இல்லை, கிணற்று ராட்டினம் என்பார். அழுத்திவிட்டு விடுவார். போகிற சத்தத்தைவிடத் திரும்பி வருகிற சத்தத்துக்குத்தான் காது கொடுப்பார். திருப்தி என்றால் மேசை இழுப்பறையிலிருந்து பச்சை நூல் ஒன்றை எடுத்து முதல் லிவரில் கட்டுவார். ராவுத்தர் கடைப் பச்சை நூல் கட்டியிருந்தால் அந்தக் கருவியில் குற்றம் இல்லை என்று பொள்ளாச்சி முதல் கம்பம் வரை எல்லா பேண்டுக்காரர்களுக்கும் தெரியும். முதலாளிக்கு அதில் பெருமை உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். நூல்கண்டு வாங்க மட்டும் அவரே கடைக்குப் போவார்.

டியூபாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேண்டில் எல்லாருக்கும் பின்னால், எல்லாரையும்விடப் பெரிய குழலை அணைத்துக்கொண்டு ஒருவர் பூம் பூம் என்று ஊதுவாரே, அதுதான். நம் பக்கம் பெரும்பாலும் பிஸ்டன் டியூபா. குத்தினால் இறங்கும், விட்டால் ஏறும். ரோட்டரி டியூபா அபூர்வம். அதில் உள்ளே ஒரு உருளை இருக்கும். லிவரை அழுத்தினால் உருளை கால் சுற்றுத் திரும்பிக் காற்றை வேறு வழியில் விடும். விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தும். நிற்கிற இடத்தில் தக்கை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் டொக் டொக் என்று பாட்டோடு தச்சு வேலையும் கேட்கும். நாங்கள் தக்கைக்குப் பதில் ரப்பர் செருப்பை வெட்டி வைப்போம். கடைக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

லிவர்களில் நான் பார்க்காத கோலம் இல்லை. காந்தலூரிலிருந்து ஒரு டியூபா வந்தது. நாலு லிவரின் நுனியிலும் டீக்கரண்டிக் காம்பு பற்றவைத்திருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அவற்றைக் கழற்ற உலையைப் பற்றவைத்தேன். முதலாளி தடுத்தார்.

“கொண்டுவந்த ஆளைப் பாத்தியா?”

பார்த்தேன். வாசலில் நின்றவரின் வயிறு அவருக்கு முன்னால் நின்றது. டியூபாவை அதன் மேல் வைத்தால் கை லிவருக்கு எட்டாது.

“தொப்பையக் குறைக்கச் சொன்னா நாளைக்குள்ள நடக்குமா? கரண்டி இருக்கட்டும். இன்னும் நல்லாப் பத்தவச்சுக் குடு” என்றார் முதலாளி. கரண்டிக் காம்புகளை ராவிச் சமமாக்கி, விரல் வழுக்காமல் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு கூடை வெள்ளைப்பூண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கடை முழுக்க அந்த வாசனைதான்.

இனி வண்டன்மேட்டுச் சங்கதி.

இருதயராஜ் முதல் தடவை வந்தது ஆடி மாதம். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற வேலை. சாக்கில் சுற்றிய டியூபாவோடு கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று நாலு பஸ் மாறி வந்திருந்தார். பழனி பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன, அண்டாவா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம் இருதயராஜ். டியூபா என்றால் பழனி வரை விளக்க வேண்டியிருக்குமே என்றார். இந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

சாக்கை அவிழ்த்ததும் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். எப்போதோ ஒரு வெளிநாட்டுச் சாமியார் அந்தக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன ரோட்டரி. லிவர்கள் முன்னால், உருளைகளோ முதுகுப் பக்கம். இரண்டுக்கும் நடுவே முழ நீளக் கம்பிகள் ஓடின. ஐந்தாவதாக ஒரு லிவர் இடது கைக் கட்டைவிரலுக்கு. அதன் கம்பி மற்ற நாலு கம்பிக்கும் அடியில் குனிந்து போய், இரண்டு இடத்தில் மடங்கி, கடைசி உருளையைப் பிடித்தது. மற்ற ரோட்டரிகளில் ஸ்பிரிங் வெளியே கண்ணுக்குத் தெரியும். இதில் ஒவ்வொரு லிவருக்கும் சுண்ணாம்பு டப்பி அளவில் மூடிய பித்தளை டப்பி ஒன்று. உள்ளே கடிகாரத்தில் இருக்குமே, அப்படிச் சுருண்ட ஸ்பிரிங். டப்பியின் தலையில் எண்ணெய் விடச் சிறு ஓட்டை, நகத்தால் தள்ளித் திறக்கிற மூடி.

முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதச் செஞ்சவன் வீட்ல சண்டை போட்டுட்டு வந்து செஞ்சிருக்கான். நேரா வர்ற வழிய விட்டுட்டு ஊரெல்லாம் சுத்தி வர்றான் பாரு” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றை மெச்சிப் பேசி நான் கேட்டதில்லை.

“என்னங்க கஷ்டம்?” என்று கேட்டேன்.

“அமுக்குனாப் போகுதுக்கா. விட்டாத் திரும்ப மாட்டேங்குது. நான் அடுத்த சுரத்துக்குப் போயிருதேன், இது முந்தின சுரத்துலயே நிக்குது. பேண்டே என்னத் திரும்பிப் பாக்குது.”

அழுத்திப் பார்த்தேன். போனது. விட்டேன். டிக் என்று வந்து நின்றது. முதலாளி சுண்டு விரலால் அழுத்தினார், அவருக்கும் டிக். இருதயராஜ் தானே அழுத்தினார். டிக். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோனவர் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

இருந்தாலும் முழு வேலையும் செய்தேன். கம்பிகளைக் கழற்றி வரிசை மாறாமல் பலகையில் அடுக்கினேன். பின் மூடியைத் திறந்து, மரச் சுத்தியால் அச்சின் தலையில் மெல்லத் தட்டி, உருளையை உள்ளங்கையில் இறக்கினேன். கல்யாணப் பெண்ணைக் காரிலிருந்து இறக்குகிற மாதிரி இறக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அச்சில் இருக்கிற கோடும் தட்டில் இருக்கிற கோடும் ஒன்றாக நிற்கும்படி திரும்ப வைத்தேன். புது செருப்பு ரப்பர் வைத்தேன். டப்பிகளை மட்டும் திறக்கவில்லை. காரணம் தெரியாமல் மூடியிருப்பதைத் திறக்காதே என்பது கடையின் சட்டம். அந்தச் சுருள் ஸ்பிரிங் ஒரு தடவை வெளியே குதித்தால் திரும்பவும் உள்ளே போக ஒப்புக்கொள்ளாது, அதற்கு மாற்றும் இந்த ஊரில் கிடைக்காது. முதலாளி பச்சை நூல் கட்டினார்.

ஐப்பசியில் திரும்ப வந்தார். அதே புகார், கடையில் அதே டிக்.

“எண்ணெய் எதாச்சும் போட்டீங்களா?” என்று முதலாளி கேட்டார்.

“நான் ஒண்ணும் போடலங்க.”

“கீழ விழுந்துச்சா?”

“இல்லங்க. எங்க பேண்டு கேப்டன் சொல்லுதாக, ராவுத்தர் கடையிலயே நூல் கட்டிட்டாக, அப்பக் குத்தம் கொழல்ல இல்ல, வெரல்லதான்னு. எனக்கும் வயசாகுதுல்லா.” சொல்லிவிட்டு வலது கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்ப எல்லாம் கழற்றி, கழுவி, மாட்டினேன். குற்றம் இருந்தால்தானே கண்டுபிடிக்க? முதலாளி இரண்டாவது தடவையும் நூல் கட்டினார். கட்டிய பிறகும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

மார்கழி பிறந்து சில நாளில் அந்த பேண்டின் கேப்டன் சவரிமுத்து கடைக்கு ஃபோன் செய்தார். தை மாதம் செபஸ்தியார் திருவிழா. இருதயராஜுக்கு விரல் போய்விட்டது, பாவம், அவரை உட்கார வைத்துவிட்டுத் என் அக்கா மகனை வாசிக்க வைக்கப் போகிறோம், பிஸ்டன் டியூபா புதிதாக ஒன்று வேண்டும், விலை என்ன என்று கேட்டார். வருகிற வியாபாரத்தை எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்? முதலாளி, “அப்பறம் பேசலாம்” என்று ஃபோனை வைத்துவிட்டு, மத்தியானம் வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வைத்திருந்தார்.

“பழனியம்மா, நம்ம நூலு ஒரு ஆளோட விரல வெட்டிருச்சு.”

“கருவி நல்லாத்தானுங்களே இருக்குது?”

“இங்க நல்லா இருக்கு. அவன் இங்கயா வாசிக்கிறான்? நீ ஏறிப் போ. அது இருக்கிற எடத்துல பாரு. எத்தனை நாளானாலும் சரி. டப்பியத் தொறக்கணும்னாத் தொற.”

சட்டத்தை அவரே தளர்த்தியதை அன்றுதான் பார்த்தேன். தானே போயிருப்பார். ஆனால் கம்பமெட்டு மலைப்பாதையில் இரண்டாவது வளைவுக்கு மேல் அவர் வயிறு போகாது. ஒரு தடவை முயற்சி செய்து, பஸ்ஸே அவருக்காக நின்று, பயணிகள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் நீட்டியதாகக் கேள்வி. ஆகவே நான் கருவிப் பையோடு ஏறிப் போனேன்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருதயராஜ் வீடு இரண்டு அறை. முன் அறையில் மூலையை அடைத்துக்கொண்டு, கம்பளி போர்த்தி, டியூபா உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூரில். மனைவி லூர்தம்மா என் பையை வாங்கி வைத்த கையோடு டியூபாவின் மேல் புகார் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

“வாங்கக்கா. பாத்து வாங்க, அய்யா உக்காந்திருக்காரு, இடிச்சிராதீங்க. நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே இது இந்த மூலையில உக்காந்திருந்துச்சு. இதுக்கு எடம் விட்டு மிச்ச எடத்துலதான் நாங்க குடும்பம் நடத்துனோம். கட்டில் போட முடிஞ்சுதா? பீரோ வைக்க முடிஞ்சுதா? ஒரு நாளு இத ஏலக்காய்ச் சாக்கோட சேத்து ஏத்திவிட்டுறலாம்னு பாத்தேன், லாரிக்காரன் மாட்டேன்னுட்டான்.”

“ஏனுங்க, அவரு வாசிக்கிறதக் கேக்கப் பிடிக்காதுங்களா?”

“எங்கக்கா கேக்கிறது? எல்லாரு வாசிக்கிறதும் கேக்கும். இது வாசிக்கிறது தரையிலதான் வரும், கால்ல அதிரும்.”

இருதயராஜ் இதையெல்லாம் மழை பெய்வதைக் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அன்று சாயங்காலமே அழுத்திப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்த வீடு, கதகதப்பாக இருந்தது. எல்லா லிவரும் டிக் டிக் என்று வந்து நின்றன. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

விடியற்காலை குளிரில் விழிப்புக் கொடுத்துவிட்டது. பாலக்காட்டு உடம்பு, இரண்டு கம்பளிக்கும் அடங்கவில்லை. கதவு திறந்தது. லூர்தம்மா தலையில் முக்காடோடு கோயிலிலிருந்து திரும்பி வந்தார். கையில் மருந்துக் குப்பி ஒன்று. நேரே டியூபாவின் முன்னால் போய் முழங்காலிட்டு, கம்பளியை விலக்கி, ஒவ்வொரு டப்பியின் மூடியையும் நகத்தால் தள்ளி, குப்பியிலிருந்து ஒவ்வொரு சொட்டு விட்டார். கட்டைவிரல் லிவருக்கு இரண்டு சொட்டு. பிறகு பெருவிரலால் அந்தப் பித்தளையில் சிலுவை வரைந்து, அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டு, கம்பளியைக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி இழுத்துப் போர்த்தினார். லாரியில் ஏற்றப் பார்த்ததாக நேற்றுச் சொன்ன அதே அம்மாள்தான்.

நான் தூங்குகிற மாதிரியே கிடந்தேன். அவர் பால் வாங்கப் போனதும் எழுந்து லிவரை அழுத்தினேன். போனது. விட்டேன். போன இடத்திலேயே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவசரமே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கிற ஆள் மாதிரி மெல்ல மெல்ல ஏறியது. டியூபாவை அடுப்படிக்கு இழுத்துப் போய் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் டிக்.

ஒரு டப்பியைத் துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திறந்தேன். உள்ளே ஸ்பிரிங் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று உறைந்த தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்கக் குப்பியைக் கவிழ்த்தால் வராதே, அதேதான். செபஸ்தியார் விளக்கு எண்ணெய். இருதயராஜின் விரல் சரியாக வேண்டும் என்று மனைவி விடுகிற நேர்ச்சை எண்ணெய். மலையில் குளிர் வந்ததும் உறைந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் மலை இறங்கிக் கம்பத்து வெயில் பட்டதும் உருகி, பாலக்காட்டுக்கு நல்ல பிள்ளையாக வந்து சேர்கிறது. அங்கே நாங்கள் நூல் கட்டி அனுப்புகிறோம். குற்றம் குழலில் இல்லை, விரலில்தான் என்று ஊர் சொல்கிறது. லூர்தம்மா இன்னும் ஒரு சொட்டு சேர்த்து விடுகிறார். கடையில் அந்த வாசனை எங்கள் மூக்கில் படவில்லையா என்று கேட்கலாம். அங்கே எல்லார் தலையிலும் அதே எண்ணெய்தான்.

காரணம் கிடைத்த சந்தோஷம் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? அந்த அம்மாள் விட்ட எண்ணெய்தான் புருஷனின் இடத்தைப் பறித்தது என்று எப்படி அவரிடம் சொல்ல? சாயங்காலம் கோயில் வளாகத்தில் பேண்ட் ஒத்திகை. அங்கே சொன்னால் அடுத்த ஞாயிறு பூசைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இருதயராஜ் விரல் போன ஆளாகவே நிற்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் போய் முதலாளிக்கு ஃபோன் போட்டேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் இருமினார்.

“அந்த அம்மாகிட்ட எண்ணெய் விடாதேன்னு சொல்லிராதே, பழனியம்மா.”

“பின்ன என்னங்க பண்றது?”

“உன் பையில மிஷின் எண்ணெய் இருக்கில்ல? அதக் குடு. அத அந்த விளக்குக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி வச்சிருந்து எடுத்து விடச் சொல்லு. எல்லா எண்ணெயும் படைச்சவன் ஒருத்தன்தானே?”

“சரிங்க. பேண்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது?”

“கடைத் தப்புன்னு சொல்லு.”

“நம்ம தப்பு இல்லீங்களே?”

“நூலு கட்டுனது யாரு? அத அறுத்துப் போட்டுட்டு, ராவுத்தர் தப்பாக் கட்டிட்டாருன்னு சத்தமாச் சொல்லு. போதும், எனக்கு ஆள் வந்திருக்கு” என்று வைத்துவிட்டார். கடையில் அந்த நேரத்தில் ஆள் யாரும் வருவதில்லை என்று எனக்குத் தெரியாதா?

லூர்தம்மாவிடம் என் பாட்டிலைக் கொடுத்துச் சொன்னேன். இது குளிர் நாட்டுக் கருவி, இதற்கு இந்த எண்ணெய்தான் சேரும், விளக்கு எண்ணெய் மனுஷருக்கு, இதைச் செபஸ்தியார் காலடியில் வைத்து எடுத்தால் இரண்டும் கூடிவரும் என்றேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் எண்ணெய் விடுறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“டப்பி மூடி பளபளன்னு இருந்துச்சுங்க. நகம் பட்டுப் பட்டு.”

“இவருகிட்டச் சொல்லிராதீங்க. ஏசிக்கிட்டே இருக்கவ இப்படிச் செய்யுதான்னு தெரிஞ்சா, அப்பறம் நான் ஏசுனா அவருக்குப் பயமிருக்காது.” நான் மாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பாட்டிலை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு உடனே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு ராத்திரி காத்திருக்க நேரமில்லை, ஒத்திகை சாயங்காலம், மத்தியானம் வரை வைத்தால் போதுமா என்று கேட்டார். போதும் என்று செபஸ்தியார் சார்பில் நானே சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் ஐந்து டப்பியையும் திறந்தேன். ஸ்பிரிங் குதிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் நூல் போட்டுக் கட்டி, வெள்ளையைத் துணியில் வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்தேன். வழித்த துணியை அடுப்பில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எரிந்தது. பிற்பகலில் பாட்டில் திரும்பி வந்தது, கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு. டப்பிகளை மூடியதும் லூர்தம்மாவே ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டார்.

ஒத்திகையில் பனி இறங்கியிருந்தது. கேப்டன் சவரிமுத்து நல்ல மனிதர்தான், மீசைக்கும் விசிலுக்கும் மட்டும் கொஞ்சம் அதிக மரியாதை எதிர்பார்ப்பார். அவருடைய அக்கா மகன் புதுச் சட்டையில் வந்து, வராத பிஸ்டனுக்காகக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். இருதயராஜ் கடைசி வரிசையில் டியூபாவை மடியில் வைத்து உட்கார்ந்தார். லூர்தம்மா கோயில் வாசல் தூணுக்குப் பின்னால், வேறெதற்கோ வந்தவர் மாதிரி நின்றார்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் பாட்டைக் கேட்கவில்லை, லிவர்களைத்தான் கேட்டேன். ஐந்தும் போய் வந்தன. கட்டைவிரல் லிவரின் கம்பி அத்தனை வளைவும் சுற்றி, நேரத்துக்கு வந்து நின்றது. பேண்ட் முழுக்க ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். என் காலடியில் தரை அதிர்ந்தது.

“அப்ப ராவுத்தர் நூலு?” என்று கேட்டார் கேப்டன்.

“தப்பாக் கட்டிட்டோமுங்க. எங்க ஊரு வெயில்ல பாத்துட்டு அனுப்பிட்டோம். உங்க ஊர்க் குளிருக்கு ஸ்பிரிங் பிடிச்சிருக்குது. இவரு விரல்ல ஒண்ணுமே இல்லீங்க. எங்க மொதலாளி எல்லாரு முன்னாலயும் சொல்லச் சொன்னாருங்க.” சொல்லிவிட்டு, முதல் லிவரில் இருந்த பச்சை நூலைக் கத்தரியால் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். வெட்டும்போது எனக்கு வலித்தது, அதை மறைக்க முடியவில்லை. கேப்டன் நியாயம் தெரிந்தவர். மருமகனிடம், “நீ ஜால்ரா எடுத்துக்கோடா” என்றார்.

மறுநாள் காலை இருதயராஜ் என் பையைச் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். வழியெல்லாம் ஏலச் செடிகளையும் மழையையும் பற்றிப் பேசினார். நான் லூர்தம்மாவுக்குச் செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் வளைவில் தெரிந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த வெள்ளைய வழிச்ச துணிய எங்கக்கா போட்டீங்க?”

நான் நின்றுவிட்டேன்.

“அடுப்புலங்க.”

“அவ பாக்கலயே?”

“பாக்கலீங்க.” “உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?”

“ஐப்பசியிலயே தெரியும். ராவுத்தர் எண்ணெய் போட்டியான்னு கேட்டாருல்லா, அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. நான் போடலன்னுதான சொன்னேன்.”

“ஏனுங்க, சொல்லியிருக்கலாமில்லீங்களா? இடமே போயிருக்குமுங்களே.”

“போனாப் போகுதுன்னுதான் இருந்தேன்.” பையை என் கையில் கொடுத்தார். “கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து அந்தக் கொழல ஏசிக்கிட்டே இருக்காக்கா. தூசி தட்டக்கூடத் தொட மாட்டா. போன வருசக் குளிர்ல வெரலு மரத்துப்போகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அதுல இருந்து இந்த ஒரு வருசந்தான் அது முன்னால முழங்கால் போடுதா, தொட்டு முத்தி செய்யுதா. கம்பளிக்குள்ள கெடந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு வெரலுக்காக அத எப்படிக்கா நிறுத்தச் சொல்லுவேன்?”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கம்பம் வரும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் இழுப்பறையைத் திறந்து நூல்கண்டை எடுத்தார், அப்புறம் எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் உள்ளே வைத்தார்.

ஆகவே ஷமீர், அந்தப் பாட்டிலை எடுக்காதே. லூர்தம்மா பார்க்காத நேரமாகப் போய்ப் பார். தீர்ந்திருந்தால் நிரப்பி வை, ரிப்பன் அவிழாமல்.